கல்லறை இல்லாத ராணி: நேப்பிள்ஸில் ஏழு நாள்

அக்டோபர் 9, திங்கள் – நேப்பிள்ஸ்

மழையோடுதான் ஊருக்குள் நுழைந்தோம், நானும் தங்கையும். அவள் முனிக்கில் இருக்கிறாள், இத்தாலியன் ஓரளவு பேசுவாள். அந்தத் தைரியத்தில்தான் நான் கிளம்பியதே. ரயில் நிலையத்துக்கு வெளியே குடை விற்றவர் ஐந்து யூரோ என்றார். ஒன்றே போதும் என்று வாங்கிக்கொண்டு நாலடி வைப்பதற்குள் மழை வலுத்துவிட்டது. இன்னொன்றுக்குத் திரும்பிப் போனால் எட்டு யூரோ. தங்கை பேரம் பேசினாள். அவர் வானத்தைக் காட்டினார். எட்டு கொடுத்தோம்.

இரண்டு வருடமாக ஜொவான்னா என்ற ராணியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். 1343 ஜனவரியில் தாத்தா ராபர்ட் கண்ணை மூடியபோது நேப்பிள்ஸ் அரியணை இந்தப் பேத்திக்கு வந்தது. அவருடைய மகன், ஜொவான்னாவின் அப்பா, 1328இலேயே இறந்துவிட்டான். அரியணையில் எங்களுக்கும் பாத்தியதை உண்டு என்று ஹங்கேரிச் சொந்தக்காரர்கள் ஓயாமல் சொல்லிவந்தார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த, அந்த வீட்டுப் பையன் ஆந்த்ரேயாவைச் சின்ன வயதிலேயே ஜொவான்னாவுக்குக் கட்டிவைத்தார் தாத்தா. ஆனால் உயிலில், முடி பேத்திக்கு மட்டும்தான் என்று எழுதினார். அடுத்த நாற்பது வருடச் சண்டைக்கு விதை அந்த உயில்.

மாலையில் காஸ்தெல் நுவோவோ கோட்டை. பெயருக்குப் 'புதுக்கோட்டை', கட்ட ஆரம்பித்தது 1279இல். இன்று நிமிர்ந்து நிற்கிற ஐந்து கோபுரங்களும் பிறகு ஸ்பெயின் பக்கமிருந்து வந்த அரகோன் ராஜாக்கள் கட்டியவை. ஜொவான்னா நடமாடிய காலத்து மிச்சம் என்று உள்ளே இருப்பது கோயில் ஒன்றுதான். ஓவியர் ஜொத்தோ வந்து சுவர் முழுக்கத் தீட்டியிருக்கிறார், எல்லாம் போய்விட்டது. ஜன்னல்களின் உள்விளிம்பில் மட்டும் கையகலக் கட்டங்களில் சில தலைகள் தப்பியிருக்கின்றன. ஒரு தலைக்கு நேரே நின்று பார்த்தேன். கன்னத்தில் பச்சை அடிவண்ணம் தெரிகிறது, மேல்பூச்சு உரிந்துவிட்டது. சிறுமி ஜொவான்னா இதே ஜன்னலோரம் நின்றிருப்பாள் என்று நினைத்ததும் உடனே நகர முடியவில்லை.

வழிகாட்டி ஒருவர் கூட்டத்துக்கு முதலைக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். ராணி ஜொவான்னா சலித்துப்போன காதலர்களை நிலவறை முதலைக்குப் போடுவாராம். எந்த ஜொவான்னா என்று தங்கையைக் கேட்கச் சொன்னேன். அவர் தோளைக் குலுக்கினார். நேப்பிள்ஸை ஆண்ட ஜொவான்னாக்கள் இரண்டு பேர். முதலாமவர் 1382இல் இறந்தார், இரண்டாமவர் ஆட்சிக்கு வந்தது 1414இல். ஊர்ப் பேச்சில் இருவரும் ஒரே பெண்ணாகிவிட்டார்கள், அதுவும் முதலை வளர்த்த பெண்ணாக. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

இரவு மார்கெரித்தா பீட்ஸா, ஆறு யூரோ. நடுவில் ஈரம் கொழகொழவென்று இருந்தது. இங்கே அப்படித்தான் இருக்கவேண்டுமாம். ருசிக்குக் குறைவில்லை.

அக்டோபர் 10, செவ்வாய் – நேப்பிள்ஸ்

இந்த ஊரில் காபியை நின்றுகொண்டே குடிக்க வேண்டும். ஒரு யூரோ இருபது சென்ட். முதலில் ஒரு சின்ன கிளாஸில் தண்ணீர் வைக்கிறார்கள், அதைக் குடித்துவிட்டுத்தான் காபி. நான் காபி குடித்துவிட்டுத் தண்ணீரை எடுத்தேன். பக்கத்திலிருந்த பெரியவர் பதறிப்போய்க் கையைத் தடுத்தார். கடைக்காரர் மனசு நோகுமாம், காபி நன்றாக இல்லை, வாய் கொப்பளிக்கிறாள் என்று அர்த்தமாகிவிடுமாம்.

தெரு முழுக்க எரிமலைக் கல் பாவியிருக்கிறது. மழைக்கு எண்ணெய் தடவினது போல வழுக்குகிறது. பேராலயத்துக்குப் போகும் வழியில் தங்கை கால் பிசகி உட்கார்ந்துவிட்டாள். மருந்துக்கடைப் பெண் கல்லாவை விட்டு எழுந்து வந்து, முழங்காலிட்டுக் கணுக்காலைப் பிடித்துப் பார்த்து, கட்டுத்துணிக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டாள். கட்டிவிட்டதற்கு எதுவும் வாங்க மறுத்துவிட்டாள்.

பேராலயத்துக்குள் நுழைந்து திரும்பிப் பார்த்தால், வாசலுக்கு மேலே உயரத்தில் பெரிய கல்லறைகள். ஆந்த்ரேயாவின் தாத்தா கார்லோ மார்தெல்லோ, பாட்டி கிளெமென்சா எல்லாரும் அங்கே. பேரனுக்கு ஒரு கல் மட்டும்தான். அதைக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆனது. பிற்காலத்தில் வைத்த லத்தீன் கல்வெட்டு. மனைவி ஜொவான்னாவின் சூதாலும் சுருக்குக் கயிற்றாலும் கொல்லப்பட்டவன் என்று வெட்டியிருக்கிறது. ஊர்சோ மினுத்தோலோ என்பவர் இரக்கப்பட்டு உடலைக் கொண்டுவந்து அடக்கம் செய்தார் என்றும் இருக்கிறது. தங்கை ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் படித்துவிட்டுக் கேட்டாள்: "சரி அக்கா, இவனுக்குக் கல் இருக்கு. அவங்களுக்கு எங்கே?"

இல்லை என்றேன். அதற்குத்தான் வந்திருக்கிறோம் என்றும் சொன்னேன்.

மதியம் மெதீனா தெருவில் இன்கொரொனாத்தா கோயில். ரோடு உயர்ந்துவிட்டதால் படி இறங்கித்தான் போக வேண்டும். இரண்டாவது கணவர் தாரந்தோ லூயியோடு 1352இல் முடிசூடியதன் நினைவாக ஜொவான்னா கட்டியது. விதானத்தில் ரொபெர்த்தோ தெ ஓதெரீசியோ தீட்டிய ஏழு அருட்சாதனங்கள், அதாவது திருச்சபைச் சடங்குகள். திருமணக் காட்சியில் மணமகள் தலை கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, கை நீட்டியிருக்கிறது, பின்னால் வாத்தியக்காரர்கள். அது ஜொவான்னாவே என்பவர்கள் உண்டு. கழுத்து வலிக்கிற வரை அண்ணாந்து நின்றேன்.

அக்டோபர் 11, புதன் – அவெர்ஸா

ரயில் வேலைநிறுத்தம். பலகையில் வண்டிகள் ஒவ்வொன்றாக அழிந்துகொண்டே வந்தன. இருபது நிமிடப் பயணத்துக்கு இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். யாரும் பெரிதாகக் கோபப்படவில்லை. ஒரு அம்மா பையிலிருந்து மிளகு போட்ட தாரல்லி என்ற முறுக்கு வளையங்களை எடுத்து எங்களுக்கும் நீட்டினார். பன்றிக் கொழுப்பும் பாதாமும் சேர்த்துச் சுடுவது. மொறுமொறுவென்று உதிர்ந்தது.

அவெர்ஸா, பிரான்ஸிலிருந்து வந்த நார்மன்கள் தெற்கு இத்தாலியில் முதன்முதலில் கால் ஊன்றிய ஊர், 1030. தெருக்கள் வட்டம் வட்டமாகச் சுற்றுகின்றன. 1345 செப்டம்பர் 18 இரவு இங்கேதான் ஆந்த்ரேயாவைப் படுக்கை அறையிலிருந்து வெளியே அழைத்து, கதவை வெளிப்பக்கம் அடைத்து, கழுத்தை நெரித்துத் தோட்டத்தில் தள்ளினார்கள். சத்தம் கேட்டு ஓடிவந்தவள் அவனை வளர்த்த ஹங்கேரித் தாதி என்கிறார்கள். அவனுக்குப் பதினெட்டு நிறைய ஆறு வாரம் இருந்தது. அவனுக்கும் முடிசூட்டலாம் என்று போப் சம்மதித்திருந்த சமயம். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவனுடைய அம்மா, ஹங்கேரி ராணி எலிசபெத், நேப்பிள்ஸுக்கே வந்து, நிலவரம் சரியில்லை, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன் என்றார். ஆளாளுக்குச் சமாதானம் சொல்லி விட்டுவிட்டுப் போக வைத்தார்கள். அந்தத் தாயை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை.

ஜொவான்னா செய்தாரா? போப்பின் விசாரணையில் விடுதலை. தானே லத்தீனில் வாதாடினார் என்பார்கள். ஆனால் தண்டனை கிடைத்தவர்கள் யார் என்று பாருங்கள். அவரைத் தூக்கி வளர்த்த கத்தானியா பிலிப்பா. வேலைக்காரியாக அரண்மனைக்கு வந்து உயர்ந்த பெண். அவரையும் பிள்ளையையும் பேத்தியையும் பிடித்து வதைத்தார்கள். அரச குடும்பத்தில் ஒருவர் மேலும் கை வைக்கவில்லை. ராணி அப்போது கர்ப்பிணி; குழந்தை கிறிஸ்துமஸ் அன்று பிறந்தது. ஆந்த்ரேயாவின் அண்ணன், ஹங்கேரி ராஜா லூயி, 1348 ஜனவரியில் படையோடு வந்தபோது ராணி கப்பலேறித் தப்பினார். குழந்தையைக் கொண்டுபோக முடியவில்லை. அது ஹங்கேரிக்குப் போய், அங்கேயே இறந்துபோனது. இரண்டாம் திருமணத்தில் பிறந்த இரண்டு பெண்களும் நிலைக்கவில்லை.

ராணியின் தங்கை மரியாவின் கணவர் கார்லோவை, தன் தம்பி ஆந்த்ரேயா செத்த இடத்துக்கே கூட்டிவந்து தலையை வெட்டினார் ஹங்கேரி லூயி. மரியா பிள்ளைகளோடு தப்பி அக்காவிடம் போய்ச் சேர்ந்தார். அந்த வருடம்தான் கொள்ளைநோய். படையெடுத்து வந்தவர் அதற்குப் பயந்து ஊர் திரும்பினார். நாட்டுக்குத் திரும்ப ஜொவான்னாவிடம் பணம் இல்லை. தன் சொத்தான அவின்யோன் நகரத்தை 80,000 பொற்காசுக்குப் போப்புக்கு விற்றார். தன் வழக்கைக் கேட்ட அதே போப்புக்கு! விலை குறைவு என்று இன்றும் அவரைத்தான் திட்டுகிறார்கள், அந்த நிலையில் வாங்கியவரை யாரும் சொல்வதில்லை.

கொலை நடந்த மடத்தைத் தேடி அலைந்ததில் கண்ணில் பட்டதெல்லாம் சாதாரணச் சுவர்கள், ஸ்கூட்டர்கள், உலர்த்திய துணி. ஒரு பேக்கரியில் 'பொலாக்கா' என்று ஒன்று கொடுத்தார்கள், இரண்டு யூரோ. மெத்தென்ற பன்னுக்குள் பாலேடும் புளிப்புச் செர்ரியும். தங்கை இரண்டு சாப்பிட்டாள். திரும்பும்போது வண்டி சரியான நேரத்துக்கு வந்தது.

அக்டோபர் 12, வியாழன் – நேப்பிள்ஸ்

வெயில். குடைகளை அறையிலேயே வைத்துவிட்டோம்.

சான் ஜொவான்னி அ கார்போனாரா. குப்பை கொட்டி எரித்த இடம், அதுதான் பெயருக்குக் காரணம். இரட்டைப் படிக்கட்டில் தங்கை என் தோளைப் பிடித்து ஏறினாள். உள்ளே போனதும் இருவருமே பேசாமல் நின்றுவிட்டோம். பலிபீடத்துக்குப் பின்னால் பதினெட்டு மீட்டர் உயரத்துக்குப் பளிங்கு. லாதிஸ்லாவோ ராஜாவின் கல்லறை. 1414இல் இறந்த தம்பிக்கு அக்கா இரண்டாம் ஜொவான்னா எழுப்பியது. உச்சியில் உருவிய வாளோடு குதிரை மேல் ராஜா. நடுவில் அக்காவும் தம்பியும் அரியணையில் பக்கம் பக்கமாக. இடையில் மஞ்சத்தில் கிடக்கிற ராஜாவின் உடலுக்கு மேல் ஒரு ஆயர் குனிந்து ஆசி வழங்குகிறார்.

அந்த ஆயரைத்தான் நான் பார்க்க வந்தேன். லாதிஸ்லாவோ இறந்தபோது திருச்சபை விலக்கில் இருந்தவர். முறைப்படி அவருக்குக் கோயிலுக்குள் இடமே கிடையாது. அதனால் ஆசியைக் கல்லிலேயே செதுக்கி வைத்துவிட்டார்கள். முதலாம் ஜொவான்னாவும் விலக்கப்பட்டவர்தான். 1378இல் இரண்டு போப்புகள் கிளம்பியபோது, ஆறாம் அர்பனை விட்டுவிட்டு ஏழாம் கிளெமென்ட் பக்கம் நின்றார், அவ்வளவுதான் குற்றம். அவருக்காகக் குனிய ஒரு கல் ஆயர்கூட இல்லை. தம்பி ராஜாவுக்குப் பதினெட்டு மீட்டர்.

கல்லறைக்கு அடியிலேயே வாசல். குனிந்து நுழைந்தால் பின்னால் வட்டமான கோயில், காலடியில் நீலமும் வெள்ளையுமாய் ஓடு. அங்கே செர்ஜான்னி கராச்சொலோவின் கல்லறை. இரண்டாம் ஜொவான்னாவின் வலக்கை, நாட்டையே ஆட்டிவைத்தவர். 1432 ஆகஸ்டில் மகன் கல்யாண விருந்து முடிந்த இரவு, ராணிக்கு உடம்பு சரியில்லை என்று கதவைத் தட்டி, திறந்ததும் வெட்டினார்கள். பின்னால் இருந்தவர் ராணியின் சொந்தக்காரி, செஸ்ஸா சீமாட்டி கொவெல்லா ருஃபோ.

இந்த ராணியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாற்பதைத் தாண்டி, விதவையாக ஆட்சிக்கு வந்தார். பிரெஞ்சுக்காரர் ஜாக்கை மணந்தார். ராஜா பட்டம் கிடையாது என்று பேசித்தான் கல்யாணம். வந்ததும் அவர் பட்டத்தை எடுத்துக்கொண்டு, ராணிக்கு நெருக்கமானவரைக் கொன்று, ராணியையே அரண்மனையில் அடைத்துவைத்தார். 1416இல் ஊர் ஜனங்கள் கிளர்ந்து ராணியை மீட்டார்கள். ஜாக் ஊர் திரும்பி, கடைசியில் பிரான்சிஸ்கன் துறவியானார். அதே ஜனங்களின் பேரப்பிள்ளைகள்தான் முதலைக் கதையும் சொல்கிறார்கள்.

மாலை அன்னுன்சியாத்தா கோயில். சுவரில் இன்றும் அந்தச் சக்கரத் தொட்டில் இருக்கிறது. வளர்க்க முடியாத குழந்தையைத் தெருவிலிருந்து உள்ளே வைத்துச் சுழற்றிவிடுவார்கள். 1875 வரை நடந்தது. எஸ்போசித்தோ என்ற குடும்பப் பெயர் அப்படி வந்தது. வழியில் மூன்று கடைப் பலகையில் பார்த்தோம். கோயிலுக்குள் பலிபீடத்துக்கு முன் தரையில் ஒரு சாதாரணக் கல். அதன் கீழே இரண்டாம் ஜொவான்னா. தம்பிக்கு அத்தனை உயரம் கட்டியவர் தனக்குத் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டார். ஒரு கிழவி கையில் துணிப்பையோடு அதன் மேலேயே நடந்து போய் மெழுகுவர்த்தி ஏற்றினார்.

அக்டோபர் 13, வெள்ளி – சலெர்னோ

கடலோர ஊர், காற்று சுகமாக இருந்தது. நெத்திலி வறுவல் ஒரு காகிதக் கூம்பு ஏழு யூரோ, மேலே எலுமிச்சை பிழிந்து.

பேராலயத்தில் மார்கெரித்தாவின் கல்லறை. பளிங்கில் பூசிய வண்ணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவர் மரியாவின் மகள், ஜொவான்னா எடுத்து வளர்த்த தங்கை பிள்ளை. சித்தப்பா மகன், அப்பாவின் பெயரே கொண்ட இன்னொரு கார்லோவுக்கு இவரைக் கட்டிக்கொடுத்தார்கள். அந்தக் கார்லோவின் தகப்பனார் ஜொவான்னா ஆட்சியில் சிறையில் இறந்தவர். 1381இல் போப் அர்பன் இந்தக் கார்லோவுக்கு முடிசூட்டி அனுப்பினார். ஜொவான்னா புதுக்கோட்டைக்குள் அடைந்தார். அடைக்கலம் கேட்டு வந்தவர்களை உள்ளே விட்டதில் உணவு தீர்ந்தது. நாலாவது கணவர் ஓட்டோ மீட்க வந்து தோற்றார், ராணி சரணடைந்தார். தெற்கு பிரான்சில் அவருக்குச் சொந்தமான புரொவான்சிலிருந்து உதவிக் கப்பல்கள் அதற்குச் சில நாள் கழித்து வந்து சேர்ந்தன.

மார்கெரித்தா அப்போது என்ன நினைத்தார்? கல்முகத்தில் எதுவும் தெரியவில்லை. பெரியம்மாவின் இடத்தில் ராணியானார். 1386இல் கார்லோவும் ஹங்கேரியில், இன்னொரு விதவை ராணியின் ஏற்பாட்டில் வெட்டுப்பட்டார். சின்னப் பையன் லாதிஸ்லாவோவை வைத்துக்கொண்டு நாட்டைக் காத்தது இந்த அம்மாதான். நேற்று பார்த்த அக்காவும் தம்பியும் இவர் பிள்ளைகள்.

அக்டோபர் 14, சனி – மூரோ லுகானோ

களைப்பான நாள். பாதையில் வேலை என்று ரயிலுக்குப் பதில் பஸ். அது பள்ளத்தாக்கு ஸ்டேஷனில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. ஊர் மலை மேலே. இணைப்பு பஸ் என்று தாளில் இருந்தது, ரோட்டில் இல்லை. முக்கால் மணி நேரம் நின்ற பிறகு, உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றிய சின்னக் காரில் ஒரு விவசாயி வந்தார். மூட்டையை மடியில் வைத்துக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டார். சம்மதித்து ஏறினோம். காசு கொடுத்ததற்குக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மலைச் சரிவில் வீடுகள் ஒன்றன் தலையில் ஒன்று ஏறி நிற்கின்றன. உச்சியில் கோட்டை. 1382 ஜூலை 27, ஜொவான்னாவை இங்கேதான் கொன்றார்கள். மெத்தைக்கு நடுவே அழுத்தி என்று சிலர், கயிற்றால் என்று சிலர். முப்பத்தொன்பது வருடம் ஆண்டவர். கோட்டைக் கதவு பூட்டியிருந்தது. சுவரில் கை வைத்துப் பார்த்தேன். காற்று கடுமையாக வீசியது. கீழே ஆழத்தில் ஓடை, அதன் சத்தம் மேலே வரை வந்தது. சிறையிலும் அது கேட்டிருக்கும்.

ஊரில் எந்தக் கடையில் பார்த்தாலும் புனித ஜெரார்து மயெல்லா படம். 1726இல் இங்கே பிறந்தவர், பிள்ளைத்தாச்சிகளின் காவலர். சாப்பாட்டுக் கடை அம்மாவிடம் ராணியைப் பற்றித் தங்கை கேட்டாள். "மேலேதான், பாவம்," என்றார் அவர், நேற்று நடந்தது போல. மாவுருண்டைப் பாஸ்தாவின் மேல் காய்ந்த சிவப்பு மிளகாயை எண்ணெயில் பொரித்து நொறுக்கிப் போட்டார். பார்வைக்கு அப்படியே நம் மோர்மிளகாய், ஆனால் காரம் துளியும் இல்லை, இனிப்பு. இரண்டு பேருக்கும் சேர்த்து இருபத்திரண்டு யூரோ. கிளம்பும்போது ஒரு சரம் மிளகாயைக் காகிதத்தில் சுற்றிக் கையில் திணித்தார்.

அக்டோபர் 15, ஞாயிறு – நேப்பிள்ஸ்

கடைசி நாளுக்கென்றே வைத்திருந்தது சாந்தா கியாரா. ராபர்ட்டின் மனைவி சாஞ்சா ராணி முன்னின்று 1310இல் கட்டத் தொடங்கிய கோயில். 1943 ஆகஸ்ட் 4 குண்டுவீச்சில் தீப்பிடித்து எரிந்தது. பலிபீடத்துக்குப் பின்னால் ராபர்ட் கல்லறை, தாத்தாவுக்குப் பேத்தி எழுப்பியது. பாதிக்கு மேல் சிதைந்திருக்கிறது. பிரான்சிஸ்கன் அங்கியில், வெறுங்காலோடு கிடக்கிறார். பக்கத்தில் ஜொவான்னாவின் அப்பா, அம்மா இருவருக்கும் சிற்பி தீனோ தி கமாயீனோ கைவண்ணத்தில் கல்லறைகள்.

ஜொவான்னாவின் உடலை நேப்பிள்ஸுக்குக் கொண்டுவந்து இந்தக் கோயிலில்தான் ஊர் பார்க்கக் கிடத்தினார்கள், இறந்துவிட்டார் என்பதற்குச் சாட்சியாக. விலக்கப்பட்டவருக்குச் சடங்கு கிடையாது. எலும்புக் குழியில் போட்டார்கள் என்பது வழிவழிச் செய்தி.

பூசை முடிந்து விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்த பணியாளரிடம் தங்கை கேட்டாள், முதலாம் ஜொவான்னா எங்கே என்று. அவர் முதலைக் கதை சொல்லவில்லை. தாத்தா கல்லறையைப் பார்த்தார், பிறகு உள்ளங்கையைக் கீழே திருப்பி, தரை முழுவதையும் மெதுவாக ஒரு சுற்றுக் காட்டினார். ஒரு மணி ஆகிவிட்டது, மூட வேண்டும் என்றார். கதவு வரைக்கும் நான் ஓரமாகவே நடந்து வந்தேன்.